வானொலிப் பேட்டிக்கு யாரை அழைப்பது?

கிராம முன்னேற்றப் பணியில் வானொலி ஒரு சிறந்த துணைவன். இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. திருச்சி வானொலி நிலையம் 1939 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 1960களின் நடுப்பகுதியில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல் ரகத்தைப் பற்றி அந்நிலையம் விவசாயிகளுக்குப் பலமுறை எடுத்துரைத்தது. வானொலி வாயிலாக அறிந்து பயிரிட்ட அந்த நெல்லைத் தஞ்சை விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர்.

அந்நாளில் வானொலி நிலையம் பெருநகரங்களில் மட்டுமே இருந்தது. இன்று நிலைமை வேறு. 2004 ஆம் ஆண்டில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி தொடங்கியது. 2006 ஆம் ஆண்டில் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தி, தொண்டு நிறுவனங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் இத்தகைய நிலையங்களை நடத்த வழிசெய்தது. இவற்றின் ஒலி ஏறத்தாழ 10 முதல் 15 கிலோமீட்டர் வரைதான் எட்டும். ஆனால் அந்த எல்லைக்குள் பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒரே சந்தைக்குச் செல்பவர்கள். ஒரே வானத்தைப் பார்த்து மழையை எதிர்நோக்குபவர்கள். இந்நிலையங்களில் மக்கள் விரும்பிக் கேட்கக்கூடியது பேட்டி நிகழ்ச்சியாகும். அதற்கு யாரை அழைப்பது, எவ்வாறு வினவுவது, ஒலிபரப்பான பின்னர் என்ன செய்வது என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

நான் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய வட்டாரத்தில், உள்ளூர் நிலையம் ஒன்று வாரந்தோறும் பிரமுகர் பேட்டி ஒலிபரப்ப முன்வந்தது. விருந்தினர் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. அதிகாரிகள், சங்கத் தலைவர்கள், வணிகர்கள் என்று எழுதிக்கொண்டே போனேன். என் பெயரும் அதில் இருந்தது. பெரிய கண்மாய் ஒன்றின் நீர்க்கட்டியாக நெடுங்காலம் பணிபுரிந்த முதியவர் ஒருவரின் பெயரை ஒன்பதாவதாக எழுதினேன்.

என் முறை வந்தபோது அரசுத் திட்டங்களை வரிசையாகப் படித்தேன். மறுநாள் ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தேன். "ஐயா, நேற்று ரேடியோவில் தங்கள் குரலைக் கேட்டோம்" என்று பலர் மகிழ்ச்சியுடன் கூறினார்கள். நான் என்ன சொன்னேன் என்பதை ஒருவராலும் கூற இயலவில்லை.

ஒன்பதாவது வாரம் வருவதற்குள் அந்த நீர்க்கட்டி காலமாகிவிட்டார். அடுத்த ஆண்டு பருவமழை குறைந்தது; கண்மாய் பாதிதான் நிரம்பியது. நீர் குறைந்த காலத்தில் எந்த மடையை முதலில் திறப்பது, கடைமடை வயல்களுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை விடுவது என்ற ஒழுங்கு அவர் நினைவில் மட்டுமே இருந்தது. மூன்று முறை கூட்டம் கூடியும் முடிவு ஏற்படவில்லை. இறுதியில் கடைமடைப் பயிர் கருகியது. அரை மணி நேரப் பேட்டி ஒன்று அப்பயிரைக் காப்பாற்றியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆயினும் கூடியிருந்தோர் தீர்ப்புக்கு ஓர் ஆதாரமாவது இருந்திருக்கும். பட்டியலின் வரிசையைத் தவறாக அமைத்தவன் நான்தான்.

பிரமுகர் யார்?

பதவியில் உள்ளவர்களை அழைக்கவே கூடாது என்று நான் கூறவில்லை. மருத்துவ அலுவலரும் கூட்டுறவுச் சங்கச் செயலாளரும் மக்களின் கேள்விகளுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டவர்கள். ஆனால் ஓர் இடர்ப்பாடு வரும்போது ஊர் யாரைத் தேடிச் செல்கிறதோ, அவரே அவ்வூரின் பிரமுகர் ஆவார். விதை காத்துவரும் மூதாட்டி, கால்நடை நோயின் முதற்குறியைக் கண்டறியும் இடையர், கடன் வாங்கிக் கறவை மாடு வளர்த்துக் கணக்கு எழுதிவைத்திருக்கும் பெண்மணி ஆகிய அனைவரும் இவ்வகையினர். தெலுங்கானாவில் ஜகீராபாத் அருகே மாச்னூரில் 2008 ஆம் ஆண்டில் தொடங்கிய சங்கம் வானொலியைக் கிராமத்துத் தலித் பெண்களே நடத்தி வருகின்றனர். தங்கள் விதைகளையும் சிறுதானியங்களையும் பற்றி அவர்களே பேசுகிறார்கள்.

வினவும் முறை

1. ஒரு பேட்டிக்கு ஒரு பொருள் போதும். பல பொருள்களைத் தொட்டால் எதுவும் மனத்தில் தங்காது.

2. முன்னதாக ஒருநாள் விருந்தினரின் வீட்டிற்கோ வயலுக்கோ சென்று உரையாடுக. பதிவு செய்வதற்கும் ஒலிபரப்புவதற்கும் அவருடைய சம்மதத்தைப் பெறுக.

3. 'ஆம்', 'இல்லை' என்று முடியும் கேள்விகளைத் தவிர்க்கவும். "மண்புழு உரம் நல்லதுதானே?" என்பதைவிட, "முதல் ஆண்டில் என்ன செய்தீர்கள்? எவ்வளவு செலவாயிற்று?" என்பது பயனுள்ள கேள்வி.

4. வெற்றியைக் கேட்பதுபோல் நஷ்டத்தையும் கேட்கவும். பிறர் அடைந்த நஷ்டத்தை அறிந்தவன் அதே குழியில் விழமாட்டான்.

5. விருந்தினர் தம் வட்டார வழக்கிலேயே பேசட்டும். எழுதிப் படிக்கச் செய்தால் குரலில் உயிர் இராது.

6. ஒலிவாங்கியைப் பேட்டியாளரே பிடித்து, பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொள்ளவும். மின்விசிறியை நிறுத்திவிடுக.

7. சமுதாய வானொலியில் அரசியல் பிரசாரத்திற்கு இடமில்லை. முகஸ்துதியும் தேவையில்லை.

கேட்ட பிறகு

கேட்டுவிட்டு எழுந்து போவதோடு நின்றால் பேட்டியின் பயன் பாதிதான். 1956 ஆம் ஆண்டில், அன்றைய பம்பாய் மாநிலத்தில், புனாவைச் சூழ்ந்த ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்களில் வானொலி விவசாய மன்றங்கள் அமைக்கப்பட்டன. அரைமணி நேர நிகழ்ச்சிகள் இருபது ஒலிபரப்பாயின. மன்ற உறுப்பினர்கள் ஒன்றாக அமர்ந்து கேட்டு, விவாதித்து, தங்கள் ஐயங்களை நிலையத்திற்கு எழுதினார்கள். பின்வந்த நிகழ்ச்சிகளில் விடை கிடைத்தது. நம் ஊர்களிலும் பத்துப் பதினைந்து பேர் இவ்வாறு கூடிக் கேட்கலாம். அவர்களுடைய கேள்விகளே அடுத்த பேட்டிக்குப் பொருளாகும். முடிவு செய்யவேண்டிய செய்திகளைக் கிராம சபையில் வைக்கலாம்.

வானொலி எட்டாத ஊராயின், கைபேசியில் பதிவு செய்து பஞ்சாயத்து அலுவலகத்தில் கூடிக் கேட்கலாம். பதிவின் நாள், ஊர், பேசியவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து, ஒரு பிரதியைப் பத்திரப்படுத்துவது இன்றியமையாதது.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் உங்கள் ஊரில் அனுபவம் மிக்க பத்துப் பேரின் பெயர்களை எழுதுங்கள். பதவியைப் பார்த்து வரிசைப்படுத்த வேண்டாம். வயதில் மூத்தவர் பெயரை முதலில் எழுதுங்கள். அந்த வாரமே அவர் வீட்டுத் திண்ணைக்குச் செல்லுங்கள்.