படுத்தால் போகாத களைப்பு

தங்கச்சி, மார்புப் புற்றுநோய்க்கு ஒப்பரேஷன், கீமோ, கதிர்ச் சிகிச்சை எல்லாம் முடிந்து, மாத்தளையிலிருந்து கண்டிக்கும் மகரகமைக்கும் அலைந்த அலைச்சல் ஓய்ந்த பிறகும் ஒரு களைப்பு உடம்பை விடாது. ராத்திரி முழுக்கத் தூங்கியும் விடிய எழும்பத் தெம்பிருக்காது. வீட்டில் எல்லோரும் "படு, படு" என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் வேலை செய்து வந்த களைப்புத்தான் படுத்தால் தீரும். இது படுக்கப் படுக்கக் கூடும். கிடந்தே இருந்தால் தசை இளைத்துப்போகும், பிறகு வாசலைக் கூட்டினாலும் மூச்சு வாங்கும்.

இதற்கு நல்ல மருந்து நடைதான். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய பன்னாட்டு நிபுணர்கள் பல ஆய்வுகளைப் பார்த்து 2019இல் ஓர் அளவு சொன்னார்கள்: வாரத்தில் 3 நாள், நாளுக்கு 30 நிமிடம், இப்படி 12 வாரம். அதை முதல் நாளே எட்டப் பார்க்காதே. காலையில் ஐந்து நிமிடம், பின்னேரம் ஐந்து நிமிடம் போதும். உடம்பு ஏற்றுக்கொண்டால் சில நாளுக்கு ஒரு தடவை ஒன்றிரண்டு நிமிடம் கூட்டு. நடக்கும்போது பக்கத்தில் வருபவளோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சுப் போதாமல் இருக்க வேண்டும். அதுதான் சரியான வேகம்.

தொடங்க முன் கிளினிக்கில் டொக்டரிடம் கேள். இரத்தக் குறைவோ தைரொயிட் குறைபாடோ களைப்புக்குக் காரணமாக இருந்தால் அதற்கு முதலில் மருந்து வேண்டும். சில கீமோ மருந்துகள் இதயத்தையும் தொடும். நோய் எலும்புக்குப் போயிருந்தால் எவ்வளவு நடக்கலாம் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

எல்கடுவ, ரத்தொட்டப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் உங்களுக்கு ஒரு கேள்வி வரும்: "காலமெல்லாம் மலை ஏறி இறங்கிக் கொழுந்து எடுத்த எனக்கு நடையைச் சொல்லிக் கொடுக்கணுமா?" நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நடை கிலோக் கணக்குக்காக, கங்காணி குரலுக்காக, முதுகில் பாரத்தோடு நடந்தது. இது வெறுங்கையோடு, உன் உடம்பு கேட்கிற வேகத்தில், உனக்காக மட்டும் நடப்பது. கடைக்குப் போவதையும் தண்ணி எடுப்பதையும் இதில் சேர்க்காதே. அந்த அரைமணி நேரத்துக்கு அடுப்படியைப் புருஷனோ மகளோ பார்க்கட்டும். வாய் திறந்து கேள், கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

லயத்து வாசலில் தொடங்கினால் ஏற்றமும் இறக்கமும்தான். முதலில் சமதரையைத் தேடு: மைதானம், ஸ்டோர் முன்னால் உள்ள ரோட்டு, கோவில் வாசல். இறங்கித்தான் ரோட்டுக்கு வர வேண்டுமென்றால், திரும்பி ஏறுவதற்கும் பலம் மிச்சம் வைத்துக்கொண்டு திரும்பு. இறங்கும்போது உடம்பு லேசாக இருக்கும், அதை நம்பித் தூரம் போய்விடாதே.

டவுனில் இருந்தால் வெயில் ஏறுமுன் முத்துமாரியம்மன் கோவிலைச் சுற்றி வரலாம். கீமோ நடக்கும் காலத்தில் மட்டும் மாசித் தேர்க் கூட்டத்துக்குள் போகாதே, நோய்த் தொற்று எளிதில் பிடிக்கும். சில கீமோ மருந்துகளால் பாதம் மரத்துப்போகும். அப்படியானால் சுடும் கல்லில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம், கொப்பளித்த பிறகுதான் தெரியவரும். மழை நாளில் அட்டை கடித்தாலும் தெரியாது. குதியை இறுக்கிப் பிடிக்கும் சப்பாத்துப் போடு, வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்கு வரை பார்.

கையை மடக்கிக்கொண்டு நடக்காதே, தாராளமாக வீசு. ஒப்பரேஷன் செய்த பக்கத்துக் கை கனத்தாலோ வளையல் இறுகினாலோ வீக்கமா என்று கிளினிக்கில் காட்டு. மறுபடி கொழுந்துக்குப் போக நினைப்பவள் பாரத்தை ஒரே நாளில் தூக்கக்கூடாது. கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டினால் கை தாங்கும், 2009இல் வந்த ஓர் ஆய்வும் அதைத்தான் காட்டியது.

இன்னும் கீமோ நடக்கிறதென்றால், ஏற்றிய முதல் சில நாள் முற்றத்தில் நாலடி நடந்தாலும் போதும். தெம்பு வந்ததும் பழைய அளவுக்குப் போ. நடந்த நிமிடத்தைக் கலண்டரில் குறித்து வை. களைப்பு ஒரு வாரத்தில் போகாது. மாதக் கணக்கைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

காய்ச்சலென்றால் அன்றைக்கு நடையை விடு. கீமோ காலமென்றால் உடனே டொக்டரிடம் போ. நெஞ்சு வலி, தலைச்சுற்று, ஒரு காலில் மட்டும் வீக்கம், புதிதாக எலும்பு வலி, இருந்தாற்போல் மூச்சுத்திணறல், இதில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் திகதி வரை பார்த்திருக்காதே. த்ரீவீலைப் பிடித்து மாத்தளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போ. கிளினிக் கொப்பியையும் மறக்காமல் எடுத்துக்கொள்.