நடுவர் அணிவன

2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஆசிய வாகையர் கோப்பை வளைகோல் பந்தாட்ட (ஹாக்கி) இறுதியில் இந்தியா மலேசியாவை 4-3 என வென்றது. ஒரே கோலில் முடிவாகும் ஆட்டத்தில் நடுவரின் சட்டை நிறமும் பொருட்டாகும். நடுவர் இருவரும் ஒத்த நிறம் அணிவர். அஃது இரு அணிகளின் நிறத்தினின்றும் வேறுபட வேண்டும். பந்தை நோக்கிக் குனிந்தோடும் வீரர், கடைக்கண்ணில் படும் நிறத்தை நம்பியே பந்தைத் தள்ளுகிறார். நடுவரைத் தம் அணியினர் என மயங்கினால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

மூடுபனி இறங்கும் வண்டன்மேட்டில் வெண்சட்டையும் சாம்பல் சட்டையும் உதவா. மழையிலோ ஊதல்தான் கவலை. ஊதலின் உள்ளிருக்கும் சிறு உருண்டை ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் ஒலி எழாது. அவ்வாறு தம் ஊதல் கைவிடக் கண்ட கனடா நாட்டுக் கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட், உருண்டையற்ற ஊதலை உருவாக்கி 1987இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். மலைநாட்டு நடுவருக்கு அதுவே ஏற்றது.

நடுவரின் பையில் மூன்று அட்டைகள் இருக்கும்: பச்சை முக்கோணம், மஞ்சள் சதுரம், சிவப்பு வட்டம். பன்னாட்டு ஆட்டத்தில் பச்சை பெற்றவர் 2 நிமிடமும், மஞ்சள் பெற்றவர் குறைந்தது 5 நிமிடமும் வெளியே அமர்வர். சிவப்புப் பெற்றவர் அவ்வாட்டத்திற்குத் திரும்பார். வடிவம் வேறாதலால், விரலால் தடவியே உரிய அட்டையை எடுக்கலாம்.

பயிற்சி: மூடுபனி நாளில் நடுவருக்கு எந்நிறச் சட்டையைத் தேர்வீர்? காரணத்துடன் எழுதுக.