சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதா? வீட்டுக் குப்பை குறைய சில குறிப்புகள்

குப்பையைக் குறைக்க வேண்டும் என்பது தேனியிலும் கம்பத்திலும் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கை பழைய வழியிலேதான் போகிறது. நடத்தை அறிவியல் படித்தவர்கள் இதற்குச் சொல்லும் வைத்தியம் எளிது: திட்டுவதை விட்டுவிட்டு, நல்ல பழக்கத்துக்கு வழியைச் சுலபமாக்குங்கள்.

1. தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்துவிட்டது. பை இல்லாத வீடே இல்லை. ஆனால் சந்தைக்குப் போனபின்தான் அதன் நினைப்பு வருகிறது. காயைக் கொட்டிய கையோடு பையை வண்டிச் சாவி மாட்டும் ஆணியில் மாட்டிவிடுங்கள். சாவி எடுக்கும்போது பையும் கையோடு வரும்.

2. பன்னீர் திராட்சைக் குலையை மொத்தமாகக் கழுவி வைக்காதீர்கள்; ஈரம் பட்டால் சீக்கிரம் அழுகும். தின்னும்போது கழுவினால் போதும். உதிர்ந்த பழங்கள்தான் பெரும்பாலும் குப்பைக்குப் போகின்றன. அவற்றைத் தனியே ஒரு கிண்ணத்தில் போட்டு, ஃபிரிட்ஜைத் திறந்ததும் கண்ணில் படும் தட்டில் வையுங்கள். பிள்ளைகள் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம், அழுகிப் போகலாமா? நேற்றைய குழம்புக்கும் இதே இடம்தான்.

3. சின்னத் தட்டில் சாப்பாடு போடுங்கள். நார்வே ஓட்டல்களில் தட்டின் அளவைக் குறைத்ததும் மிச்சமாகும் உணவு சுமார் 20 சதவீதம் குறைந்ததாக 2013-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இந்தியாவில் வீடுகளில் மட்டும் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 மதிப்பீடு கூறுகிறது.

4. வீட்டு விசேஷத்தில் இலைக்கு ஒரு தண்ணீர் பாட்டில் வைத்தால், பாதி குடித்த பாட்டில்கள்தான் பந்தி முழுக்கக் கிடக்கும். டம்ளரும் செம்பும் வையுங்கள். பாட்டிலைக் கேட்பவருக்கு மட்டும் கொடுங்கள். கேட்பவர் குறைவாகத்தான் இருப்பார்கள். பாயசம், கூட்டு எதுவானாலும் முதலில் கொஞ்சமாக வைத்து, மறுசோறு கேட்டுப் பரிமாறச் சொல்லுங்கள். உபசாரத்தில் ஒரு குறையும் வராது.

5. கிடைப்பதன் மகிழ்ச்சியைவிடக் கையில் இருப்பதை இழக்கும் வலி பெரிது என்று 1979-இல் உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் எழுதினார்கள். நீலகிரியில் 2022-இல் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. வனத்தில் பாட்டில் உடைவதைத் தடுக்க அந்தப் பத்து ரூபாய் உதவுகிறது. வீட்டிலும் செய்யலாம்: மாதத் தொடக்கத்திலேயே பிள்ளைகளிடம் ஐம்பது ரூபாய் கொடுத்துவிடுங்கள். குப்பையைக் கலந்து போடும் ஒவ்வொரு தடவையும் ஒரு ரூபாய் திரும்ப வர வேண்டும்.

6. "இங்கே எல்லோரும் குப்பை கொட்டுகிறார்கள்" என்று தெருவில் எழுதி வைக்காதீர்கள். 'எல்லோரும் செய்வதுதானே' என்ற எண்ணத்தையே அது வளர்க்கும். நல்லது செய்பவர்களைச் சொல்லுங்கள். "இங்கே தங்குவோரில் பெரும்பாலோர் துண்டை மறுபடி பயன்படுத்துகிறார்கள்" என்று எழுதிய ஓட்டலில் அதைப் பின்பற்றியவர்கள் கூடினார்கள் என்று 2008-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. குப்பை சேரும் மூலையைப் பெருக்கித் தெளித்துக் கோலம் போடுங்கள். சுத்தமான இடத்தில் குப்பை போடக் கை கூசும்.

7. காய்த்தோல் வாளியை அரிவாள்மனைக்குப் பக்கத்திலேயே வையுங்கள், பிளாஸ்டிக் வாளி நாலடி தள்ளி இருக்கட்டும். நாற்றம் வந்தால் யாரும் பிரித்துப் போட மாட்டார்கள். தென்னந்தோப்புப் பக்கம் கிடைக்கும் நார்த்துகளை ஒரு கைப்பிடி மேலே தூவுங்கள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

8. ஆடி அமாவாசைக்குச் சுருளி அருவிக்குப் போகிறீர்களா? ஈரத்துணிக்கு ஒரு பையும் குப்பைக்கு ஒரு பையும் வீட்டிலேயே எடுத்து வையுங்கள். பை கையில் இருந்தால் துணியைத் தண்ணீரிலேயே விட்டுவர வேண்டியதில்லை. அந்தத் தண்ணீர் முல்லைப்பெரியாற்றில் சேர்ந்து வைகைக்குப் போகிறது.

9. குப்பை வாங்க வருபவரின் பெயரை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் தெரிந்த ஒருவர் கையால் கிளறப் போகிறார் என்று நினைத்தால், உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் நாப்கினையும் அப்படியே போட மனம் வராது. தாளில் நன்றாகச் சுற்றி, அடையாளமிட்டு, அவர் கையில் சொல்லிக் கொடுங்கள்.