பதர் எப்போது உருவாகிறது?

கதிரில் பதரைப் பார்த்ததும் "சத்து பத்தல, பூச்சி அடிச்சிருச்சு" என்கிறோம். அதுவும் இருக்கலாம். ஆனால் சில பதர்களின் விதி, கதிர் வெளிவரும் முன்பே இலையுறைக்குள் எழுதப்பட்டுவிடுகிறது.

நெல்லின் ஒரு பூவுக்கு ஆறு மகரந்தப்பைகள். பையின் சுவரில் நான்கு அடுக்குகள். உள்ளே இருக்கும் அடுக்குதான் மகரந்தத்துக்கு உணவூட்டும் தாய். அதன் பெயர் டபீட்டம்.

இந்தத் தாய் அமைவது செல்களின் பேச்சால். மகரந்தமாகப் போகும் செல்கள் ஒரு சிறு புரதத்தைத் தூது அனுப்பும். பக்கத்துச் செல்லில் இருக்கும் ஏற்பி அதை வாங்கியதும், அந்தச் செல் ஊட்டும் அடுக்காக மாறும். பேங்க் லாக்கர் மாதிரி: இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். நெல்லில் இந்த ஏற்பி எம்.எஸ்.பி.1. இதை 2003-இல் ஜப்பான் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அது கெட்ட செடியில் மகரந்தத் தாய்ச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகின, ஊட்ட ஆளில்லை, மகரந்தம் தேறவில்லை.

நம்ம ரகங்களில் இந்தப் பேச்சு ஒழுங்காகவே நடக்கும். கெடுவது அடுத்த கட்டம். தொண்டைக்கதிரில் வயல் காய்ந்தால் பைக்குள் சர்க்கரை மாவுச்சத்தாக மாறும் வேலை தடைபடும். மகரந்தத்தில் மாவுச்சத்து ஏறாது. பிறகு எவ்வளவு தண்ணீர் கட்டினாலும் அந்த மகரந்தம் திரும்பாது.

ஆகவே காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுகிறவர்கள், தொண்டை உருண்டது முதல் பூத்து முடியும்வரை காய்ச்சலை நிறுத்துங்க. தண்ணீர் கொஞ்சமாக இருந்தால், இந்த நாட்களுக்கென்று மிச்சம் பிடிச்சு வையுங்க.