எக்ஸ்ரேயில் தெரிந்த வாள்

1939-ல் இங்கிலாந்தின் சட்டன் ஹூ புதைகுழியில் கிடைத்த வாள், உறையோடு துருப்பிடித்து ஒட்டிப் போயிருந்தது. எக்ஸ்ரே எடுத்தபோதுதான் முறுக்கிய இரும்புக் கம்பிக் கட்டுகளைச் சேர்த்து அடித்த வாள் அது என்று தெரிந்தது.

நண்பர்களே, இது நாம ஸ்மிதி ஷாப்பில் படிக்கிற ஃபோர்ஜ் வெல்டிங்தான்! அதே மாதிரி வாள் செய்பவர், கம்பிகளை வெள்ளைச் சூடாக்கி, மணல் தூவி அடிப்பார். மணல் எதற்கு? இரும்பின் மேல் படியும் ஆக்சைடை இளக்கி வெளியே தள்ளத்தான். கொஞ்சம் உள்ளே தங்கினாலும் அந்த இடம் ஒட்டாது. பாலிஷ் போட்டால் கண்ணுக்கும் தெரியாது.

பழைய போர்களை நடித்துக் காட்டுபவர்கள் வாளோடு வாள் மோதுவார்கள். ஒட்டாத இடம் பிளந்தால் காயம் எதிரே நிற்பவருக்கு! எனவே அவர்களுக்கு ஏற்றது, ஒரே துண்டு ஸ்பிரிங் ஸ்டீலில் செய்து கூர் மழுக்கிய வாளே. முறுக்குக் கம்பி வாள் காட்சிக்கு இருக்கட்டும். 'அச்சு அசலா?' என்பதற்கு முன்னால், 'யார் கைக்குப் போகுது?' என்று கேட்பவரே நல்ல கொல்லர்.