கச்சேரி நேரலைக்கு எந்த ஜிபியு?

கேள்வி: சபா கச்சேரிகளை எங்கள் சொந்த இணையதளத்தில் நேரலையாகக் காட்ட, ஜிபியு சர்வர் வாடகைக்கு எடுக்கப்போகிறோம். விலை கூடிய ஏ100 எடுத்தால் படம் துல்லியமாக வருமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: வராது. ஏ100, எச்100 இரண்டும் ஏஐ கணக்குகளுக்கான சிப்புகள். வீடியோவைச் சுருக்கி அனுப்பும் 'என்வென்க்' பகுதியே அவற்றில் கிடையாது. தும்பிக்கை இல்லாத யானையை வாங்கிக் கட்டுவானேன்? என்விடியா டி4 போதும். எல்4 கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் என்வென்க் இரண்டு, ஏவி1 என்ற வீடியோ சுருக்க முறைக்கான வசதியும் உண்டு. எடுக்கும் முன் பழைய தனி ஆவர்த்தனப் பதிவு ஒன்றைப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். மிருதங்கக்காரரின் விரல்கள் கட்டம் கட்டமாக உடைந்தால் பிட்ரேட் போதவில்லை.

பணம் கரைவது ஜிபியுவில் அல்ல, டேட்டாவில். 5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒருவர் ஒரு மணி நேரம் பார்த்தால் 2.25 ஜிபி. 1,000 பேர் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் 6,750 ஜிபி! வெளியே போகும் டேட்டாவுக்கு ஜிபிக்கு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ரசிகர்களுக்கு சிடிஎன் (பல இடங்களில் உள்ள சர்வர்கள் வழியாக வீடியோவைப் பகிரும் சேவை) வழியாகவே அனுப்புங்கள்.

மாத வாடகை வேண்டாம், மணிக்கணக்கில் எடுங்கள். மங்களம் பாடியதும் சர்வரை அணைக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

யூடியூபில் மட்டும் காட்டினால் போதும் என்றால், வீடியோவை 1080, 720, 480 என்று பல தரங்களாகப் பிரிக்கும் வேலையை அவர்களே செய்துவிடுகிறார்கள். உங்களுக்கு ஜிபியு சர்வரே வேண்டாம்.