டிராக்டரின் பின்சக்கர பிரேக்: மாற்றுமுன் கவனிக்க வேண்டியவை

அறுவடை முடிந்து நெல் மூட்டைகளுடன் காரைக்குடி செக்காலைச் சாலை போன்ற நெருக்கமான வீதியில் வரும் டிராக்டருக்குப் பிரேக்தான் பாதுகாப்பு. 20 கி.மீ. வேகத்தில் செல்லும் டிராக்டர் ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் தூரம் ஓடிவிடும். ஓட்டுநர் பெடலைத் தொடுமுன்பே இவ்வளவு தூரம் கடந்துவிடும். அதன் பிறகு பிரேக்கும் சரிவரப் பிடிக்காவிட்டால் நேரும் விபரீதத்தைச் சொல்லத் தேவையில்லை.

பெரும்பாலான டிராக்டர்களில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டர்களிலும் பல மாடல்களில் இதே அமைப்புதான். ஆகவே பின்சக்கர பிரேக்கை நல்ல நிலையில் வைத்திருப்பது அவசியம்.

பிரேக் வகைகள்

1946-ல் இங்கிலாந்தில் வெளிவந்த பெர்கூசன் டிராக்டரில் டிரம் பிரேக் இருந்தது. பின்னர் உலர் டிஸ்க் பிரேக் பரவலாயிற்று. இதில் இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே சரிவான குழிகளில் எஃகு குண்டுகள் இருக்கும். பெடலை மிதித்ததும் தட்டுகள் சற்றே திரும்பும். குண்டுகள் சரிவில் ஏறித் தட்டுகளை விலக்கும். அவை இருபுறமும் உள்ள லைனிங் டிஸ்க்குகளை நெருக்கிச் சுழற்சியைத் தடுக்கும்.

எண்ணெய் பிரேக்கில் பல டிஸ்க்குகள் எண்ணெயில் மூழ்கியிருக்கும். உராய்வினால் எழும் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொள்ளும். பெட்டி மூடப்பட்டிருப்பதால் சேறும் தண்ணீரும் எளிதில் புகா. லைனிங் மெதுவாகவே தேயும். கண்மாய்ப் பாசன வயலில் கேஜ்வீல் கட்டித் தொளி உழவு செய்பவர்களுக்கு இது பெரிய அனுகூலம்.

முதலில் குறையைக் கண்டறிக

பிரேக் பிடிக்கவில்லை என்றதும் லைனிங் மாற்றுவது பலரின் வழக்கம். காரணம் வேறாக இருந்தால் அந்தச் செலவு வீண்.

1. இரு பெடல்களின் தளர்வையும் அளவுகோலால் அளக்க வேண்டும். இரண்டும் சமமாகவும், கையேட்டில் சொன்ன அளவிலும் இருத்தல் அவசியம்.

2. ஒரு பக்கம் மட்டும் வழுக்கினால் ஆயில் சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்து லைனிங்கில் படிந்திருக்கக்கூடும். சீலை மாற்றாமல் புது லைனிங் போட்டால் அதுவும் சில நாளில் நனைந்து கெடும்.

3. தொளி உழவுக்குப் பின் கறகறவென ஓசை வந்தால், பெட்டியைத் திறந்து சேறு புகுந்துள்ளதா, குண்டுகளின் குழிகள் தேய்ந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

பழைய லைனிங்கில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூசியைக் காற்றடித்து ஊதுவது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே நல்லது.

எண்ணெய் பிரேக்குக்கு மாறலாமா?

சில மாடல்கள் உலர் பிரேக்குடனும் எண்ணெய் பிரேக்குடனும் விற்கப்படுகின்றன. அத்தகைய டிராக்டராயின், பிரேக் பெட்டி, டிஸ்க், இயக்கும் தட்டு, சீல் ஆகிய அனைத்தையும் ஒரே தொகுதியாக மாற்ற முடியுமா என்று விற்பனையாளரின் பணிமனையில் கேட்டறிய வேண்டும். இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் பழையது, மறு பக்கம் புதியது என்றிருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

உலர் பிரேக் பெட்டியில் எண்ணெய் ஊற்றிவிட்டால் அது எண்ணெய் பிரேக் ஆகிவிடாது. உலர் லைனிங் எண்ணெயில் பிடிப்பை இழக்கும். அது உயிருக்கே ஆபத்து. எண்ணெய் பிரேக்கிலும் கையேட்டில் குறித்த எண்ணெயையே ஊற்ற வேண்டும். மலிவானது என்று வேறு எண்ணெயை ஊற்றினால் பிரேக் அலறும், அதிர்ந்து பிடிக்கும்.

மாற்றுவதற்கு ஆகும் செலவை எழுத்தில் வாங்கி, டிராக்டரின் வயதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். ஆண்டில் சில நாட்களே தொளி உழவு செய்பவருக்குப் புதிய சீலும் சரியான சரிசெய்தலுமே போதுமானதாக இருக்கலாம்.

சோதனை

வேலை முடிந்ததும் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத சமமான மண் தரையில் சோதிக்க வேண்டும். இரு பெடல்களையும் கொக்கியால் இணைத்து, மெதுவாக ஓட்டிப் பிரேக்கை அழுத்த வேண்டும். இரு சக்கரங்களும் இழுத்த தடம் ஒரே நீளமாக இருந்தால் சரி. ஒரு தடம் குறுகலாக இருந்தால் மீண்டும் சரிசெய்தல் வேண்டும்.

டிரெய்லரை மறக்கலாகாது

புதிய பிரேக் போட்டாலும் டிரெய்லரின் பாரம் குறைந்துவிடாது. டிராக்டரின் எடைக்குச் சமமான பாரத்தைப் பிரேக் இல்லாத டிரெய்லரில் இழுத்தால், நிற்பதற்கு ஏறக்குறைய இரு மடங்கு தூரம் தேவைப்படும். வேகம் இரு மடங்கானால் அந்தத் தூரம் நான்கு மடங்காகும். கண்மாய்க் கரையிலிருந்து இறங்கும்போது பாரம் பின்னாலிருந்து தள்ளும். இறங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சரிவில் கிளட்ச்சை மிதிக்கவோ, நியூட்ரலில் விடவோ கூடாது.

வயலில் திருப்புவதற்காகப் பிரித்த பெடல்களைச் சாலையில் ஏறுமுன் மறவாமல் கொக்கியால் இணைக்க வேண்டும். இணைக்காமல் வேகத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் டிராக்டர் சுழன்று கவிழும். செலவில்லாத இந்த ஒரு பழக்கமே பல உயிர்களைக் காக்கும்.